சேம்பர் ஜாஸ்: நாட்டுப்புற மெட்டும் பரோக்கும் மனோதர்மமும் ஒரே மேடையில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்ஸபோனும், பியானோவுக்கு முந்திய விசைப்பலகைத் தந்தி வாத்தியமான ஹார்ப்சிகார்டும் அருகருகே நிற்கும் மேடையைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றுக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிப் பார்க்கிறேன். பரோக் என்று நான் சொல்வது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையை. ஊடே என் விருப்பு வெறுப்புகளும் வரும்.

சேம்பர் ஜாஸ் என்றால் என்ன?

இரண்டு முதல் ஏழெட்டுப் பேர் வரை கொண்ட குழு. நடத்துநர் கிடையாது. ஒவ்வொரு இசை வரிக்கும் ஒரே ஒரு கலைஞர்தான் பொறுப்பு. ஐரோப்பாவில் அரண்மனைக் கூடங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் சில பேர் சேர்ந்து வாசித்த இசைக்குச் சேம்பர் இசை என்று பெயர். அந்தச் சிறு கூட்டத்தின் நெருக்கத்தையும் நுணுக்கத்தையும் ஜாஸ் எடுத்துக்கொண்டபோது இந்த வகை பிறந்தது.

வழக்கமான ஜாஸ் குழுவில் முன்னால் ஒருவர் தனியாக வாசிப்பார். பின்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூவரும் அவரைத் தாங்குவார்கள். சேம்பர் ஜாஸில் அந்த முன்வரிசை, பின்வரிசை என்ற பிரிவு கரைந்துவிடுகிறது. கிளாரினெட் பாடும்போது செல்லோ எதிர்ப்பாட்டுப் பாடும். அடுத்த நிமிடம் செல்லோ பாட, கிளாரினெட் அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யார் தலைவர் என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் மாறிக்கொண்டே இருக்கும்.

டிரம்ஸ் ஏன் பெரும்பாலும் இல்லை?

இருக்கலாம், ஆனால் கட்டாயம் இல்லை. கிடாரைப் போல மீட்டும் பழைய தந்தி வாத்தியமான லூட், ஹார்ப்சிகார்ட், குடல் நரம்பு கட்டிய வயலின் ஆகியவை மென்மையான ஒலி கொண்டவை. முழு டிரம்ஸ் தொகுப்பு ஒன்று உள்ளே வந்தால் மற்றவை எல்லாம் காணாமல் போகும். அதனால் டிரம்ஸ் வாசிப்பவர் கம்பித் தூரிகைகளையோ, கைகளால் தட்டும் சட்டத் தோற்கருவியையோ எடுத்துக்கொள்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. தாளத்தை ஒருவர் வெளிப்படையாக அடித்துக்கொடுக்காவிட்டால் அதை எல்லோரும் தங்களுக்குள் சுமக்க வேண்டும். அமெரிக்கக் கிளாரினெட், சாக்ஸபோன் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரி 1950களின் பிற்பகுதியில் இதைத் துணிந்து சோதித்தார். கிடார் வாசித்த ஜிம் ஹால், டிராம்போன் வாசித்த பாப் புரூக்மேயர் ஆகிய இருவருடன் அவர் அமைத்த மூவர் குழுவில் டிரம்ஸும் இல்லை, பாஸும் இல்லை. ஆனாலும் தாளம் தளர்ந்ததாக ஒரு கணமும் தோன்றாது.

நாட்டுப்புறம், பரோக், ஜாஸ் மூன்றும் எப்படி ஒட்டுகின்றன? மூன்று நூற்றாண்டு இடைவெளி இருக்கிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. கீழே ஒரு குறுகிய பாஸ் வரி திரும்பத் திரும்பச் சுழலும். மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எதையாவது கட்டுவார்கள். ஜாஸ் கலைஞர், பன்னிரண்டு தாளக் கட்டங்கள் (பார்) திரும்பத் திரும்ப வரும் புளூஸ் வாசிக்கும்போது செய்வது இதுதான். நாட்டுப்புற வயலின்காரர் நடனத்துக்கு வாசிக்கும்போது அதே எட்டு வரியை, ஆடுபவர்களின் கால் ஓயும்வரை, சுற்றுக்குச் சுற்று மாற்றி வாசிப்பதும் இதுதான். பதினேழாம் நூற்றாண்டின் சக்கோன், பசக்காலியா, ஃபோலியா என்ற வடிவங்களும் இதே வேலையைச் செய்தவை.

இத்தாலிய இசையமைப்பாளர் கிளாடியோ மோன்டெவெர்டி 1638இல் அச்சிட்ட ஒரு பெண்ணின் புலம்பலில், பாஸ் வெறும் நான்கு சுரங்கள் படியிறங்கி வருகிறது. அந்த நான்கும் நிற்காமல் சுழல, மேலே அவள் குரல் பாஸின் கட்டத்துக்குள் அடங்காமல் முன்னும் பின்னும் நழுவுகிறது. அந்தச் சுழற்சியை டபுள் பாஸ் வாசிக்கும் ஒரு ஜாஸ் கலைஞரிடம் கொடுங்கள். அவர் யாரிடமும் விளக்கம் கேட்கமாட்டார். இரண்டாம் சுற்றிலேயே உள்ளே இருப்பார்.

பரோக்கின் நடனங்கள் பலவும் தெருவிலிருந்து ஏறி வந்தவை. சராபாந்து என்ற நடனப் பாட்டு ஆபாசம் என்று 1583இல் ஸ்பெயினில் தடை செய்யப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குள், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய செல்லோ தொகுப்புகளில் மிக மெதுவான, மிக கண்ணியமான பகுதிக்கு அதே பெயர். சக்கோனின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். பெர்கமாஸ்கா என்பது இத்தாலியின் பெர்கமோ வட்டாரத்து நாட்டார் நடனம். இசையமைப்பாளர் ஃபிரெஸ்கோபால்டி 1635இல் தேவாலய ஆர்கனுக்காக வெளியிட்ட தொகுப்பில் அதற்கும் இடம் கிடைத்துவிட்டது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் டெலமான் இன்னும் வெளிப்படையானவர். இளம் வயதில் போலந்து நாட்டு எல்லைப்புற விடுதிகளில் பைக்குழலும் வயலினும் வாசித்தவர்களைக் கேட்டவர் அவர். எட்டு நாள் கவனமாகக் கேட்டால் ஆயுள் முழுவதற்கும் போதுமான கற்பனை கிடைத்துவிடும் என்ற பொருளில் 1740இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆக, நாட்டுப்புறத்தையும் பரோக்கையும் யாரும் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பிரிந்து போனவை திரும்ப ஒரே கூரைக்குக் கீழ் வந்திருக்கின்றன, அவ்வளவே.

பரோக் இசை முழுக்க எழுதி வைத்ததல்லவா? அதில் மனோதர்மத்துக்கு எங்கே இடம்?

எழுதி வைத்தது பாதிதான். பரோக் கால அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு பாஸ் வரி, அந்தப் பாஸ் சுரங்களை ஒட்டிச் சில எண்கள் இருக்கும். நடுவில் இருக்க வேண்டியது எழுதப்பட்டிருக்காது. 6 என்று எண் இருந்தால் பாஸிலிருந்து ஆறாவது சுரம் சேர வேண்டும் என்று பொருள். அதை எந்த ஸ்தாயியில், எத்தனை விரலால், எவ்வளவு அடர்த்தியாக வாசிப்பது என்பதெல்லாம் ஹார்ப்சிகார்ட் அல்லது லூட் வாசிப்பவரின் உடனடி முடிவு. ஜாஸ் கலைஞர்கள் கையில் வைத்திருக்கும் ஒற்றைத் தாளில் மெட்டும் அதன் மேல் சில எழுத்துக் குறிகளும் மட்டும் இருக்குமே, அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. ஒன்றில் குறி மேலே, மற்றதில் கீழே.

மெட்டும் அப்படித்தான். இத்தாலிய வயலின் கலைஞர் கொரெல்லியின் வயலின் சொனாட்டாக்கள் 1700இல் அச்சானபோது மெதுவான பகுதிகள் வெறும் நீண்ட சுரங்களாக இருந்தன. பத்தாண்டு கழித்து ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் ஒருவர், கொரெல்லி வாசித்த முறை என்று சொல்லி, அதே பகுதிகளை அலங்காரங்களோடு வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஒரு சுரம் இருந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு. அதற்கும் வெகு முன்பே, 1553இல், டியேகோ ஓர்டிஸ் என்ற ஸ்பானியர் ரோமில் வெளியிட்ட நூல் ஒன்று, எளிய பாஸ் மீது எப்படிக் கற்பனை செய்து வாசிப்பது என்பதற்கே பாடப்புத்தகம்.

பாக் 1747 மே மாதம் பொட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனபோது பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் ஒரு சிக்கலான மெட்டைக் கொடுத்து, அதன் மேல் ஃபியூக், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம், வாசிக்கச் சொன்னார். பாக் அங்கேயே, அப்போதே மூன்று குரல் ஃபியூக் ஒன்றை வாசித்தார். ஆறு குரலில் கேட்டபோது அந்த மெட்டு உடனே வசப்படாது என்று தன் சொந்த மெட்டை எடுத்துக்கொண்டார். மன்னரின் மெட்டுக்கு ஆறு குரலில் பின்னர் எழுதி அனுப்பினார். அதே காலத்து இசையமைப்பாளர் ஹாண்டல் தன் ஆர்கன் கான்செர்ட்டோக்களில் (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) சில இடங்களை வெறுமையாக விட்டு, விருப்பப்படி வாசிக்க என்று மட்டும் குறித்துவைத்தார். காலியாக விடப்பட்ட அந்த இடங்கள்தான் இன்றைய குழுக்களுக்குக் கதவு.

பரோக்கில் ஸ்விங் உண்டா?

ஜாஸின் ஸ்விங், அதாவது சுரங்களைச் சமமாக வெட்டாமல் நீட்டியும் குறுக்கியும் ஆடவைக்கும் நடை, இல்லை. ஆனால் பிரெஞ்சு பரோக்கில் சமமாக எழுதப்பட்ட இரட்டைச் சுரங்களை நீளம், குறில் என்று சற்று ஏற்றத்தாழ்வாக வாசிக்கும் வழக்கம் உண்டு. 1716இல் ஹார்ப்சிகார்ட் வாசிப்பைப் பற்றி நூல் எழுதிய பிரான்சுவா கூப்ரான், நாங்கள் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்ற பொருளில் அதை ஒப்புக்கொள்கிறார். இதைக் கொண்டு கூப்ரானை ஜாஸின் தாத்தா ஆக்குவது மிகை. ஒரு ஜாஸ் கலைஞருக்கு அந்த வாசிப்பு உடனே பிடிபடுகிறது என்பது மட்டும் உண்மை.

இதையெல்லாம் யார் தொடங்கினார்கள்?

ஒரே ஆளைச் சுட்டிக்காட்ட முடியாது. பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது.

1937இல் பாரிஸில் எடி சவுத், ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற இரண்டு வயலின் கலைஞர்கள், ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் கிடாரோடு பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவின் முதல் பகுதியை ஸ்விங்கில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் 1952இல் உருவான மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ், அதே ஆண்டிலேயே தன் குழுவுக்கு ஃபியூக் எழுதத் தொடங்கினார். 1955இல் டிரம்ஸ் கலைஞர் சிகோ ஹாமில்டனின் ஐவர் குழுவில் ஃபிரெட் காட்ஸ் செல்லோ வாசித்தார். ஜாஸ் மேடையில் செல்லோவை அப்படி நடுவில் உட்காரவைத்தது அன்று புதுமை. 1957இல் அமெரிக்க இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் செவ்வியல் இசையும் ஜாஸும் சேர்ந்து மூன்றாவது நீரோட்டமாக ஓடலாம் என்றார். அந்தப் பெயர் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் கீழ் எழுதப்பட்டவற்றில் பல, ஜாஸ் கலைஞர்களைத் தாளோடு கட்டிப்போட்டவை என்பது என் எண்ணம்.

நாட்டுப்புறப் பக்கம் பெரிய திருப்பம் சுவீடனில் நடந்தது. பியானோ கலைஞர் யான் யோஹான்சன், பாஸ் வாசித்த ஜார்ஜ் ரீடலுடன் சுவீடன் நாட்டுப்புற மெட்டுகளைப் பதிவு செய்து 1964இல் ஆல்பமாக வெளியிட்டார். இரண்டே வாத்தியம். மெட்டை அவர் பெரும்பாலும் அப்படியே வாசிக்கிறார். இடையில் புளூஸ் பாணியில் சற்றுத் தாழ்த்திய ஒரு சுரம், ஒரு தாமதம், ஒரு மௌனம், அவ்வளவுதான் சேர்க்கை. சுவீடனில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் ஆல்பம் அதுதான். நார்வேயிலும் மற்ற வடநாடுகளிலும் பின்னால் வந்தவர்கள் யாரும் அந்த நிழலைத் தாண்டி வரவில்லை.

அமெரிக்காவில் சாக்ஸபோன் கலைஞர் பால் விண்டர் 1967இல் தொடங்கிய குழுவுக்குக் கன்சார்ட் என்று பெயர் வைத்தார். முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் சிறு வாத்தியக் குழுவுக்கு வழங்கிய பெயர் அது. அதில் வாசித்த நால்வர் பிரிந்து 1970இல் ஆரிகன் குழுவை அமைத்தார்கள். ஓபோ, பன்னிரண்டு தந்திக் கிடார், டபுள் பாஸ் ஆகியவற்றோடு காலின் வால்காட் சிதாரும் தபேலாவும் வாசித்தார். சிதாரை ரவிசங்கரிடமும் தபேலாவை அல்லா ரக்காவிடமும் முறையாகக் கற்றவர் என்பதால் அந்த வாத்தியங்கள் அலங்காரப் பொருளாக இல்லாமல் குழுவின் சதையோடு சேர்ந்திருந்தன.

பாக்கை ஜாஸாக வாசிப்பதும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. பிரெஞ்சுக்காரர் ழாக் லூசியே 1959இல் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்ற மூவர் குழுவோடு பாக்கை வாசிக்கத் தொடங்கி உலகெங்கும் புகழ் பெற்றார். பாரிஸில் வார்ட் ஸ்விங்கிள் அமைத்த குரல் குழு 1963இல் பாக்கைச் சொற்கள் இல்லாமல், பாஸும் டிரம்ஸும் சேர்த்துப் பாடியது. இரண்டும் கேட்க இனிமையானவை. ஆனால் அங்கே பாக் எழுதியது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது; ஜாஸ் அதற்கு மேல்சட்டை. நாம் பேசும் குழுக்களில் பரோக்கின் முடிவுற்ற படைப்பை எடுப்பதில்லை, அதன் சட்டகத்தை எடுக்கிறார்கள். அதனால்தான் இவர்களுக்கு பாக்கைவிட மோன்டெவெர்டியும் இங்கிலாந்தின் பர்செல்லும் டௌலண்டும் அதிகம் பிடிக்கிறார்கள். பாக் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். உள்ளே நுழைய இடுக்கு கிடைப்பதில்லை.

பரோக் வாத்தியக்காரர்களே ஜாஸ் பக்கம் வந்ததுண்டா?

நிறைய. இந்தத் துறையின் சுவையான பகுதி இதுதான்.

கிறிஸ்டினா ப்ளூஹார் ஆள் உயரக் கழுத்துடைய தியோர்போ என்ற லூட்டை வாசிப்பவர். 2000இல் அவர் அமைத்த லார்பெஜ்ஜாட்டா குழு, தென் இத்தாலியின் தாரண்டெல்லா மெட்டுகளில் ஒரு பங்கை, பதினேழாம் நூற்றாண்டில் அத்தானாசியஸ் கிர்ஷர் என்ற அறிஞர் குறித்துவைத்த பக்கங்களிலிருந்து மீட்டது. சிலந்திக் கடிக்கு மருந்தாக ஆடப்பட்ட நடனம் அது. 2004இல் வெளிவந்த அவர்களுடைய ஆல்பம் ஒன்றில் சக்கோன்களுக்கும் பெர்கமாஸ்காக்களுக்கும் மேலே கிளாரினெட் வாசிப்பவர் ஜான்லூயிஜி ட்ரோவேசி என்ற ஜாஸ் கலைஞர். அவர் பிறந்த நெம்ப்ரோ, பெர்கமோவுக்குப் பக்கத்து ஊர். பெர்கமாஸ்கா அவருக்கு அருங்காட்சியகப் பொருள் அல்ல, ஊர்ப் பாட்டு. அதே ட்ரோவேசி, அக்கார்டியன் கலைஞர் ஜான்னி கோஷாவோடு இருவராகவும் வாசித்திருக்கிறார். கோஷாவின் இளமைக்கால நண்பரான எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ அவர்கள் ஆல்பத்துக்குக் குறிப்பு எழுதினார்.

பாடகர் ஜான் பாட்டர் 1999இல் டௌலண்டின் லூட் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, லூட்டும் பரோக் வயலினும் ஒரு பக்கம், ஜான் சர்மனின் சாக்ஸபோனும் பாஸ் கிளாரினெட்டும் பேரி கையின் டபுள் பாஸும் மறுபக்கம். டௌலண்ட் 1626இல் இறந்தவர். சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்ததோ 1846இல். கேட்கும்போது அந்த இடைவெளி நினைவுக்கே வருவதில்லை.

பிரெஞ்சுக் கலைஞர் மிஷெல் கொடார் வாசிப்பது செர்பென்ட். பாம்பு போல வளைந்த, மரத்தாலான, தோல் போர்த்திய ஊதுகருவி. தேவாலயப் பாடகர்களின் கீழ்ஸ்தாயியைத் தாங்கப் பயன்பட்டது. மோன்டெவெர்டியை மையமாக வைத்து அவர் செய்த பதிவில் பாஸ் கிடார் வாசிப்பவர் ஸ்டீவ் ஸ்வாலோ. 1961இல் ஜூஃப்ரியின் இரண்டாவது மூவர் குழுவில், பால் பிளேயின் பியானோவோடு, டபுள் பாஸ் வாசித்த அதே ஸ்வாலோதான். அந்தக் குழு நியூயார்க் காப்பிக்கடை ஒன்றில் வாசித்து ஆளுக்கு 35 சென்ட் கிடைத்த இரவில் கலைந்தது என்பது ஜாஸ் உலகில் பலரும் சொல்லும் கதை. இன்று அந்த ஆல்பங்கள் பாடமாக வைத்துக் கேட்கப்படுகின்றன.

நார்வேயின் கிறிஸ்டியன் வாலும்ரோட் குழுவையும் தனியாகச் சொல்ல வேண்டும். பியானோ, டிரம்பெட், டிரம்ஸ், செல்லோ, பரோக் ஹார்ப், ஹார்டாங்கர் வயலின். இந்த ஹார்டாங்கர் வயலினில் வில் படும் தந்திகளுக்கு அடியில் இன்னும் நான்கைந்து தந்திகள் ஓடும். யாரும் தொடாமலே அவை தாமாக அதிரும். இருப்பதில் மிகப் பழையது என்று கருதப்படும் வாத்தியத்தில் 1651 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, நாட்டுப்புற வாத்தியம் என்று நாம் ஒதுக்கும் இதுவே பரோக் கால வாத்தியம். வாலும்ரோட்டின் இசை மிகச் சிக்கனமானது. சில துண்டுகள் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

யான் கார்பரெக், ஹில்லியர்ட் குழு சேர்ந்து செய்தது இந்த வகையா?

பக்கத்து வீடு. ஹில்லியர்ட் குழு 2014 வரை இயங்கிய நான்கு ஆண் குரல்கள். கார்பரெக் நார்வே சாக்ஸபோன் கலைஞர். 1993இல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் கெரோல்ட் மடாலயத்தில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த அவர்கள் ஆல்பம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் பாடல்கள் பரோக்குக்கும் முந்தியவை: தேவாலயத்தின் பழைய கிரிகோரியன் பாடல்கள், இடைக்கால இசையமைப்பாளர் பெரோத்தான், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியரான மொராலெஸ்.

அழகான பதிவு, சந்தேகமில்லை. ஆனால் அதன் வெற்றி ஒரு தீமையையும் செய்தது. எதிரொலி மிகுந்த தேவாலயம், மெதுவான குரல், மேலே மிதக்கும் சாக்ஸபோன் என்று பனிமூட்டம் போன்ற ஆல்பங்கள் பிறகு வரிசையாக வந்தன. அவற்றில் பலவற்றில் யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஒலி அழகாக இருக்கிறது என்பதோடு முடிந்துவிடுகிறது.

இது சற்று அதிகமாகவே நாசூக்கான இசை அல்லவா? ஜாஸின் ரத்தம் எங்கே?

நியாயமான குற்றச்சாட்டு. சேம்பர் ஜாஸின் தோல்விகள் எல்லாம் இந்தத் திசையில்தான். எவரும் எவரையும் தள்ளாமல், இடறாமல், எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தால் இசை நகராது.

மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் மீதும் இந்தக் குறை சொல்லப்பட்டது. நால்வரும் டக்ஸிடோ என்ற சம்பிரதாய மாலை உடை அணிந்து மேடையேறுவார்கள். கறுப்பினக் கலைஞர்களின் இசையைக் கச்சேரி மண்டபம் மரியாதையோடு கேட்க வேண்டும் என்ற ஜான் லூயிஸின் உறுதி அந்த உடையில் இருந்தது. வாசிப்பில் அந்த ஒழுங்குக்கு எதிராக மில்ட் ஜாக்சனின், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் புளூஸில் ஊறிக்கிடந்தது. ஒருவர் கட்டுவார், மற்றவர் அந்தக் கட்டை இழுத்துப் பார்ப்பார். இந்த இழுபறி இருக்கும் குழுவில் ரத்தம் இருக்கும்.

நாட்டுப்புற இசை இங்கே காப்பாற்றவும் செய்யும். நடனத்தில் பிறந்த மெட்டு காலை மறக்க விடாது. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958 பயணத்தில் இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம், இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று நொண்டி ஓடுவது, அவருடைய குழுவையே வேறு வேகத்துக்குத் தள்ளியது.

சுருதி எப்படிச் சேர்க்கிறார்கள்?

தலைவலி பிடித்த வேலை. இன்றைய வாத்தியங்கள் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415இல் வைக்கின்றன. கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே. பிரெஞ்சு பரோக் என்றால் 392 வரை இறங்கும். வயலினில் தந்தியைத் தளர்த்தலாம். கிளாரினெட்டும் அக்கார்டியனும் என்ன செய்யும்? அக்கார்டியன் நாக்குகளை யாரும் மேடையில் ராவிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று வழிகள் உண்டு. பரோக் வாத்தியங்களை 440க்கு ஏற்றலாம். குடல் நரம்புகள் அறுந்துபோகும் அபாயம் உண்டு, ஒலியும் சற்று இறுகும். காற்று வாத்தியக்காரர் அரைச் சுரம் கீழே மாற்றி வாசிக்கலாம். அவருக்குப் பிடிக்காத விரலமைப்புகள் வந்து மாட்டும். ஹார்ப்சிகார்டில் விசைப்பலகையையே ஒரு விசை அளவு நகர்த்தும் வசதி பல வாத்தியங்களில் இருக்கிறது. அந்த வழி எளிது.

அதோடு முடியவில்லை. பரோக் காலச் சுருதிப் பகுப்பில் சில ஆதார சுருதிகள் தேனாக ஒலிக்கும், சில புளிக்கும். ஜாஸ் கலைஞர் கற்பனையின் வேகத்தில் தூரத்து இடத்துக்குத் தாவினால் ஹார்ப்சிகார்ட் அங்கே முகம் சுளிக்கும். அனுபவமுள்ள குழு அந்தப் புளிப்பை ஒளிக்காமல், வலிக்க வேண்டிய இடத்தில் பயன்படுத்திக்கொள்கிறது.

எவ்வளவு எழுதியிருப்பார்கள், எவ்வளவு அப்போதே தோன்றுவது?

குழுவுக்குக் குழு மாறும். பெரும்பாலும் தொடக்கம், முடிவு, நடுவில் ஒன்றிரண்டு சந்திப்புகள் தாளில் இருக்கும். பாஸ் எத்தனை சுற்று, எந்தச் சுற்றில் யார் நுழைவது என்பது பேசி முடிவாகியிருக்கும். மற்றதெல்லாம் மூச்சு, புருவம், வில்லின் அசைவு. ஒத்திகையில் அதிக நேரம் போவது பாட்டைக் கற்பதில் அல்ல, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு எப்படி நழுவுவது என்பதில்.

செவ்வியல் பயிற்சி பெற்றவர்களுக்குத் தாளை விட்டு எழுவது கடினம். ஜாஸ்காரர்களுக்குச் சும்மா இருப்பது கடினம். இரண்டாவதுதான் பெரிய சிக்கல் என்பேன்.

மைக் வைப்பார்களா?

சிறிய மண்டபத்தில் தேவையில்லை. பெரிய இடத்தில் லூட்டுக்கும் ஹார்ப்புக்கும் சற்று வைப்பார்கள். ஒலி வாத்தியத்திலிருந்து வருவதாகவே தோன்ற வேண்டும்.

நாட்டுப்புற மெட்டுகளை எடுத்துக்கொள்வது சரியா? உரிமை யாருக்கு?

பழைய மெட்டுக்குப் பதிப்புரிமை பொதுவாக இருக்காது. குழு தான் செய்த அமைப்புக்கு உரிமை கோரலாம். சட்டம் அதோடு நின்றுவிடுகிறது, நாகரிகம் நிற்கக் கூடாது. அந்த மெட்டு எந்த ஊருடையது, எந்தப் பாடகரிடமிருந்து யார் குறித்தெடுத்தது என்று தெரிந்திருந்தால் ஆல்பத்தில் அச்சிட வேண்டும். வெறுமனே "மரபு மெட்டு" என்று போட்டுவிட்டு ஒதுங்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான்.

கச்சேரியில் எப்போது கைதட்டுவது?

ஜாஸில் தனி வாசிப்பு முடிந்ததும் தட்டுவார்கள். சேம்பர் இசையில் கடைசிவரை காத்திருப்பார்கள். இங்கே தனி வாசிப்பு எங்கே முடிகிறது என்றே தெளிவாகத் தெரியாது, ஆகவே காத்திருப்பது நல்லது. அடக்க முடியாமல் தட்டிவிட்டாலும் எந்தக் கலைஞரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜாஸ் பழக்கம் உள்ளவர்கள் ஜூஃப்ரி, ஜிம் ஹால், புரூக்மேயர் மூவர் குழுவிலிருந்து தொடங்கலாம். மெட்டை விரும்புகிறவர்களுக்கு யான் யோஹான்சன். துள்ளல் வேண்டுமென்றால் லார்பெஜ்ஜாட்டாவும் ட்ரோவேசியும். இருட்டான மனநிலைக்கு ஜான் பாட்டரின் டௌலண்ட். வாலும்ரோட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை: முதல் முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள். அது எப்போது திரும்புகிறது என்பது காதுக்குப் பிடிபட்டுவிட்டால், மேலே நடக்கும் எல்லாத் துணிச்சலும் எதை மீறிச் செய்யப்படுகிறது என்பது தானே விளங்கும்.

எனக்கும் ஒரு வாத்தியம் தெரியும். நண்பர்களோடு எப்படித் தொடங்குவது?

மூன்று பேர் போதும். ஏ, ஜி, எஃப், ஈ என்று இறங்கும் நான்கு சுரங்களை ஒருவர் மிக மெதுவாக, ஒவ்வொன்றையும் மூன்று எண்ணிக்கை பிடித்து, நிறுத்தாமல் வாசிக்கட்டும். இரண்டாமவர் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஒரு நீண்ட சுரத்தைத் துணையாகத் தேடட்டும். மூன்றாமவர் தனக்குத் தெரிந்த ஏதாவது தாலாட்டையோ நடவுப் பாட்டையோ அதன் மேல் பாடிப் பார்க்கட்டும். சில இடங்களில் உரசும், அந்த உரசலைத் திருத்தாமல் இரண்டு சுற்று பொறுத்திருங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பாஸ் வாசிப்பவர் சலித்துப்போய் அலங்காரம் செய்யத் தொடங்கினால் மட்டும் தடுத்துவிடுங்கள். அவர் அசையாமல் இருக்கும்வரைதான் மற்ற இருவருக்கும் சுதந்திரம்.